இளையோர் உடலில் முதியோர் பிணி

பிணியையும் மூப்பையும் இணைத்தே பேசிப் பழகிய மொழி நம்முடையது. பிணி, மூப்பு, சாக்காடு என ஒரே மூச்சில் அடுக்கும்போது, இம்மூன்றும் வாழ்வின் அந்திப்பொழுதுக்கே உரியவை என்னும் எண்ணம் நம்மையறியாமல் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. இளமையைப் பேசும்போதோ வலிமை, விரைவு, துணிவு என்னும் சொற்களே நாவில் வருகின்றன. கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயது என்கிறோம். இவ்வழக்குகளில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் இருபது வயதில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறும் ஒருவரை எச்சொல்லால் குறிப்பது என்று கேட்டால், நம் வழக்கில் விடையில்லை. சொல் இல்லாத இடத்தில் ஐயம் வந்து அமர்ந்துகொள்கிறது. அந்த ஐயத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

2017ஆம் ஆண்டு நம் துறையில் இளங்கலை முதலாண்டு சேர்ந்த மாணவர் ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனெனில் இதில் தவறிழைத்தவர் நாமே. அம்மாணவர் எப்போதும் கதவோரக் கடைசி இருக்கையில் அமர்வார். பாடம் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும் எழுந்து நின்றுகொள்வார். ஐந்து நிமிடம் நிற்பார், அமர்வார், மீண்டும் எழுவார். காலை முதற் பாடவேளைக்கு வாரத்தில் இரண்டு நாளேனும் தாமதமாக வருவார். காரிகை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், "தம்பி, உனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லையென்றால் வெளியே போய்விடலாம்" என்று சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

பத்து நாள் கழித்து அவருடைய அத்தா ஒரு நெகிழிப்பை நிறைய மருத்துவச் சீட்டுகளும் எக்ஸ்ரே படங்களுமாகத் துறைக்கு வந்தார். "பையனுக்கு முதுகெலும்புல வாதமாம் ஐயா. எங்க அத்தாவுக்கு எழுபது வயசுல வந்தது, இவனுக்குப் பதினாறுல வந்துடுச்சு. ரொம்ப நேரம் உட்கார்ந்தா இறுகிப்போகுது. அதான் எந்திரிச்சு நிக்கிறான். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்கான்" என்றார். நாம் அவரை அமரச் சொன்னோம். அதற்குமேல் என்ன சொல்வதென்று நமக்கும் தெரியவில்லை.

அந்தத் தந்தை சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அது அவருடைய பிழை மட்டுமன்று. ஊரார் அனைவருடைய பிழையும் அதுவே. பாட்டனாருக்கு எழுபதில் வந்ததும் பேரனுக்குப் பதினாறில் வந்ததும் ஒரே நோயன்று. முதியோருக்கு வருவது பெரும்பாலும் தேய்மானம். நெடுங்காலம் சுமை தாங்கிய மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுவதால் எழும் வலி. நடந்தால் மிகும், ஓய்ந்தால் தணியும். இளையோருக்கு வருவதோ உடலின் காவற்படையே தடம் மாறித் தன் வீட்டையே தாக்குவதால் விளையும் அழற்சி. நம் மாணவருக்கு வந்த நோயை மருத்துவ நூல்கள் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கின்றன. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் இது பெரும்பாலும் தொடங்குகிறது. பின்னிரவில் வலி உறக்கத்தைக் கலைக்கும். காலையில் முதுகு மரக்கட்டையாய் இறுகிக் கிடக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் நடமாடிய பின்னரே இளகும். வியப்பு என்னவெனில் ஓய்வு இந்நோயைத் தணிப்பதில்லை, இயக்கமே தணிக்கிறது. பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலுமே இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. நாற்பத்தைந்தைக் கடந்த பின் புதிதாகத் தொடங்குவது அரிது. முதியோர் நோய் என்று நாம் கருதும் ஒன்று, உண்மையில் இளையோரையே தேடி வருகிறது!

இந்த வேறுபாடு தெரியாமையால் அம்மாணவர் இழந்தவை நான்கு ஆண்டுகள். புத்தகப் பை சுமந்ததால் வந்த வலி என்றார் ஒருவர். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதால் என்றார் மற்றொருவர். எலும்பு வைத்தியர் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். மருத்துவர் ஒருவர் படமெடுத்துப் பார்த்து, "எலும்பில் தேய்மானம் ஒன்றுமில்லை, இந்த வயதில் இருக்கவும் முடியாது, ஒரு மாதம் படுத்து ஓய்வெடு" என்றனுப்பினார். தேய்மானத்தைத் தேடியவருக்குத் தேய்மானம் கிட்டவில்லை. ஆகவே நோயே இல்லை என்றாயிற்று. தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரே படத்தில் இந்நோய் தென்படாமலே இருப்பதுண்டு. இந்நோய்க்கும் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறுக்கும் உள்ள நெருங்கிய தொடர்பு 1973லேயே கண்டறியப்பட்டுவிட்டது. ஆனாலும் நோய்க்குப் பெயர் தெரிவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுவது உலகெங்கும் காணப்படும் நிலையே. அதற்குள் சிலருக்கு முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கிற்கழிபோல வளையாத ஒரே எலும்பாகிவிடுகின்றன. ஒட்டியதைப் பிரித்துப் பழையபடியாக்க மருந்தில்லை.

குழந்தைகளையும் இத்தகைய பிணிகள் விட்டுவைப்பதில்லை. இலண்டன் மாநகரில் சிறார் மருத்துவராயிருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில், நாட்பட்ட மூட்டழற்சியுற்ற 22 குழந்தைகளைப் பற்றி 1897இல் எழுதி வெளியிட்டார். பெரியோரின் வாதநோயிலிருந்து இது வேறுபட்டது என்று அவர் அன்றே எடுத்துக் காட்டினார். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் நம் ஊர்த் தெருவில், ஆறு வயதுச் சிறுமி காலையில் நொண்டினால், 'பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள்' என்பதே முதற் தீர்ப்பாக இருக்கிறது.

நீரிழிவின் வரலாறும் இத்தகையதே. 'சர்க்கரை' என்றவுடன் நம் கண்முன் வருபவர் காலையில் நடைப்பயிற்சி செல்லும் ஓய்வுபெற்ற பெரியவர். ஆனால் 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் ஊசியை முதன்முதலாகப் பெற்ற நோயாளி லெனார்டு தாம்சன், பதினான்கு வயதுச் சிறுவன். இளையோரிடம் மிகுதியாகக் காணப்படும் முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் உடலின் காவற்படையாலேயே அழிக்கப்படுகின்றன. அந்த ஆண்டுக்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினிக்கு நிகரான உணவில் வைத்துச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ உயிரை நீட்டித்தார்கள், அவ்வளவே. தாம்சன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். இன்சுலின் என்னும் மருந்தே இளம் நோயாளி ஒருவரின் படுக்கையருகில்தான் தன் ஆற்றலை உலகுக்குக் காட்டிற்று என்பதை நாம் மறந்துவிட்டோம். இரண்டாம் வகை நீரிழிவும் இன்று முதியோருக்கே உரியதாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஐரோப்பியரைக் காட்டிலும் தெற்காசியர்க்கு இந்நோய் இளவயதிலேயே வருகிறது என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. தாத்தாவும் பேரனும் ஒரே மருந்துக்கடையில் ஒரே மாத்திரையை வாங்கும் வீடுகள் நம் தெருக்களிலேயே உள்ளன. தாத்தா பை நிறைய வாங்குகிறார்; பேரன் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்கிறான்.

இத்தகைய இளையோரிடம் துணிவூட்டுவதற்காக விளையாட்டு வீரர்களின் கதைகளைச் சொல்வது வழக்கம். நாமும் சொல்லியிருக்கிறோம். 1995 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த டெஸ்ட் போட்டியில், இங்கிலாந்து அணித்தலைவர் மைக்கேல் ஆதர்ட்டன் 643 நிமிடங்கள் மட்டை பிடித்து நின்று, ஆட்டமிழக்காமல் 185 ஓட்டங்கள் எடுத்துத் தோல்வியைத் தவிர்த்தார். நம் மாணவருக்கு வந்த அதே முதுகெலும்பு நோயை உடையவர் அவர். பாகிஸ்தானின் வாசிம் அக்ரம், 1997இல் தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்தார். இன்சுலின் ஊசியுடன் தொடர்ந்து ஆடி, 2003 உலகக் கோப்பையில், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் பந்துவீச்சாளர் ஆனார். கேட்கத் திகட்டாத கதைகள்தாம். ஆயினும் ஒருமுறை ஆதர்ட்டன் கதையை நாம் சொல்லி முடித்ததும் நம் மாணவர் கேட்ட கேள்வி இது: "அவர் பத்து மணி நேரம் நின்றார் ஐயா. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எப்படி எழுந்தார் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா?" அன்றிலிருந்து அக்கதையை நாம் அளவோடு சொல்லி வருகிறோம். வீரனின் ஒரு நாளை எடுத்துக்காட்டி, 'அவனால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது' என்று கேட்பது ஊக்கமாகாது. அதுவும் ஒருவகைக் குற்றச்சாட்டே.

ஏனெனில் இப்பிணிகளின் இயல்பே ஏறி இறங்குவது. திங்களன்று பந்தாடியவர் புதனன்று சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் தவிப்பார். 'நேற்று நன்றாகத்தானே இருந்தாய்' என்னும் வாக்கியத்தைக் கேட்காத இளம் நோயாளியே இல்லை என்று துணிந்து சொல்லலாம். முதியவர் ஒருவர் ஒரு நாள் நன்றாக நடந்தால், 'அல்ஹம்துலில்லாஹ், இன்று தெம்பாக இருக்கிறார்' என்று மகிழ்கிறோம். இளைஞர் ஒரு நாள் நன்றாக நடந்துவிட்டாலோ, முந்தைய நாட்களெல்லாம் பொய்யென்று தீர்மானிக்கிறோம். ஒரே உண்மைக்கு இரண்டு அளவுகோல்கள்!

பேருந்தில் இந்த அளவுகோலை நாள்தோறும் காணலாம். முதியோர்க்கென எழுதிய இருக்கையில் இளைஞர் அமர்ந்தால் நடத்துனர் முதல் பூக்காரம்மாள் வரை கேள்வி கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் நம் மாணவர் மருத்துவச் சீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டாண்டுகள் பயணம் செய்தார் என்பதை அறிந்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது. உடல் நோவதற்குச் சான்றிதழ் எடுத்துச் செல்ல வேண்டிய நிலை நம் பாட்டனாருக்கு வந்ததில்லை. நரையே அவருக்குச் சான்றிதழ்.

பள்ளிவாசலில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்; இம்மலர் நம் பெரியோர் கைகளுக்கும் செல்லும் என்பதால் பணிவோடு சொல்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்த அம்மாணவர், வரிசையின் ஓரத்தில் இருந்த நாற்காலிகளுள் ஒன்றில் அமர்ந்தார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் தோளைத் தட்டி, "தம்பி, இது வயசானவங்களுக்குப் போட்டது. உங்க வயசுல நாங்க எல்லாம் மூட்டை தூக்கினோம்" என்றார். குரலில் கடுமை இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாணவர் எழுந்து நாற்காலியை அவருக்கே தந்துவிட்டு நின்றார். அடுத்த வெள்ளி முதல் தூண் மறைவில், சுவரோரமாக இடம் பார்த்துக்கொண்டார். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் சாய்ந்து படுத்தும் தொழலாம் என்பது நம் சிறுவர்கள் மதரஸாவில் கற்கும் பாடம். அச்சலுகை இயலாமைக்கு அளிக்கப்பட்டது, வயதுக்கு அன்று. நாற்காலிக்கு வயதைக் கற்பித்தவர்கள் நாமே.

இனி, அன்பினால் விளையும் தொல்லை ஒன்றுண்டு. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் ஐயம் தீரும் என்று எண்ண வேண்டாம், அறிவுரை தொடங்கும். முடக்கத்தான் தோசை, முடவாட்டுக்கால் கிழங்குச் சாறு, பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து, ஊருக்கு ஒரு லேகியம். முடக்கத்தான் தோசை சுவையானது. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முதல் வகை நீரிழிவுடைய பிள்ளைக்குப் பாகற்காய்ச் சாற்றைக் கொடுத்து இன்சுலினை நிறுத்தச் சொல்பவர், தம்மையறியாமல் அப்பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார். இன்சுலின் நின்றால் சில நாட்களிலேயே அமிலத்தேக்கம் உண்டாகி உயிருக்கே கேடு நேரும். மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயுற்றவரை முதலில் வைத்தார். தீர்ப்பவரையும் மருந்தையும் அடுத்து வைத்தார். உடனிருந்து பணிபுரிபவரை நான்காவதாக வைத்தார். அறிவுரை கூறுபவருக்கு அந்தக் கணக்கில் இடமே தரவில்லை என்பதை நம் மாணவர்கள் கவனிப்பார்களாக.

பெண் மக்களின் நிலை இதனினும் இடர் மிகுந்தது. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. லூபஸ் என்னும் நோயோ பெரும்பாலும் பெண்களையே, அதிலும் மகப்பேற்றுக்குரிய வயதினரையே தாக்குகிறது. அதாவது, பெண் பார்க்க வரும் பருவத்திலேயே நோயும் வந்து வாசலில் நிற்கிறது. நாம் நன்கறிந்த பழைய மாணவி ஒருவர், கல்லூரி நாட்களில் விரற்கணுக்கள் வீங்கி எழுதுகோல் பிடிக்கவே இடர்ப்பட்டவர். முறையான மருத்துவத்தால் ஓராண்டில் நலம் பெற்றார். 2021இல் அவருக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயைச் சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தம் கைநழுவும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். தங்கைக்கும் வரன் அமையாது என்று உறவினர் எச்சரித்தார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வைட்டமின் புட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினார் தாயார். அவற்றுள் ஒன்று வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டிய மெதோட்ரெக்ஸேட். புகுந்த வீட்டில் யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் இரண்டாம் மாதமே எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்திவிட்டார் அப்பெண். எட்டாம் மாதம் வலக்கையின் இரு விரல்கள் வளைந்துவிட்டன.

மருந்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் சிக்கல் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மெதோட்ரெக்ஸேட் கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைக்கக் கூடியது. மகப்பேற்றை விரும்பும் பெண் மருத்துவரைக் கலந்து முன்கூட்டியே அதை நிறுத்தி, தீங்கற்ற வேறு மருந்துக்கு மாற வேண்டும். கணவனுக்கே தெரியாத மருந்தைப் பற்றி அவனோடு எப்படிக் கலந்து பேசுவது? மறைத்து வைத்த புட்டிக்குள் இருந்தது ஒரு பெண்ணின் நோய் மட்டுமன்று. பிறக்கவிருக்கும் பிள்ளையின் நலமும் அதில் இருந்தது. இவ்விடத்தில் பெண் வீட்டாரைப் பழிப்பது எளிது. நாம் அவ்வாறு செய்யவில்லை. உண்மையைச் சொன்ன குடும்பத்துக்கு நம் ஊர் என்ன பரிசு கொடுத்திருக்கிறது? 'நல்ல பிள்ளைதான், ஆனால் சீக்குப் பிள்ளை' என்று தரகர் மூலம் செய்தி பரவுவதைத் தவிர? அதே ஊரில், நாற்பது வயதில் சர்க்கரை வந்த ஆண்மகனுக்கு இரண்டாம் திருமணம் பேசும்போது, யாரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அந்த மாணவியின் கணவர், உண்மை தெரிந்தபோது, தம் மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இன்றும் மாதந்தோறும் அழைத்துச் செல்கிறார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "என்னிடம் சொல்ல என்ன பயம்?" என்பதுதான். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அப்பெண் அல்லர்.

நோயுற்றோரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது நம் மரபு. ஐயூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துச் சொல்லாத ஆறுதல் நம்மிடையே இல்லை. அது நல்லதே. ஆனால் அவ்வரலாற்றை நாம் பாதியாகச் சொல்கிறோமோ என்ற ஐயம் நமக்குண்டு. ஐயூப் நபி தம் துன்பத்தை வாய்விட்டு இறைவனிடம் முறையிட்டார்கள். தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென்று சொன்னார்கள். பொறுமை என்பது நோவை மறைப்பதென்றால் அம்முறையீட்டுக்கு இடமேது? பதினெட்டு வயதுப் பெண்ணிடம் 'ஸப்ர் செய்' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் நாம் கேட்பது பொறுமையை அன்று, மௌனத்தையே.

நோன்பு மாதத்தில் இம்மௌனத்துக்கு விலை மிகுதி. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது திருமறையே வழங்கிய தெளிவு. எழுபது வயதுப் பெரியவர் நோன்பு வைக்கவில்லையென்றால் நாம் காரணம் கேட்பதில்லை. கல்லூரி மாணவர் நண்பகலில் தண்ணீர் குடித்தால் கேட்கிறோம். ஆகவே முதல் வகை நீரிழிவுடைய பிள்ளைகள், வெட்கத்துக்கு அஞ்சி நோன்பு வைக்கிறார்கள். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்த்த போதும் வாயில் ஒன்றும் போடாமல் அஸர் தொழுகை வரை தாக்குப்பிடிக்கிறார்கள். 13 நாடுகளில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளைக் குறித்து நடந்து, 2004இல் வெளியான எபிடியார் ஆய்வு, முதல் வகை நோயாளிகளிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலான் மாதத்தில் ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்ந்ததைக் காட்டிற்று. யார் நோன்பு வைக்கலாம், யார் வைக்கலாகாது என்பதை மருத்துவரும் ஆலிமும் கூடி முடிவு செய்ய வேண்டும். அது நம் துறையன்று. ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. நோன்பு வைக்காத இளைஞரை 'ஏன்' என்று கேட்காமலிருக்கலாம். ஷஅபான் மாதத்து ஜும்ஆ உரை ஒன்றில் இமாம் அவர்கள் இதனை எடுத்துரைத்தால், விடுதி மாணவர்கள் நான்கு பேராவது அந்த ஆண்டு நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

கல்வி நிலையங்கள் இவ்வகையில் பின்தங்கியே உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பிருந்த சட்டத்தை விரிவாக்கி 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் நோய் ஆகியவை அதில் இடம்பெற்றன. நீரிழிவும் முடக்குவாதமும் தனிப்பெயராக இடம்பெறவில்லை. சலுகைகள் பலவற்றுக்கு நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு வேண்டும் என்பது அளவு. ஏறி இறங்கும் நோயை எந்த நாளில் அளப்பது? நல்ல நாளில் அளந்தால் சுழி. தீய நாளில் அவரால் அளக்கும் இடத்துக்கே வர இயலாது. எழுதும்போது விரல் இழுத்துக்கொள்ளும் குறையுடைய தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கில், எழுத்தர் உதவியை நாற்பது விழுக்காட்டினருக்கு மட்டும் என்று சுருக்கலாகாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீங்கிய விரலோடு மூன்று மணி நேரம் எழுதும் பிள்ளைகளுக்கு இத்தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும்; தேர்வுப் பொறுப்பாளர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நீரிழிவுடைய மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுசெல்ல 2017லேயே இசைவளித்தது. கல்லூரித் தேர்வறையில் ஒரு மாணவர் பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தால், நம்மில் எத்தனை கண்காணிப்பாளர்கள் முதலில் துண்டுச்சீட்டு என்று ஐயுறாமல் இருப்போம்? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஆவதில்லை. விடுதிச் சமையலறைக் குளிர்ப்பெட்டியில் இன்சுலினுக்கு ஒரு தட்டு ஒதுக்கலாம். இப்போது அது மீன் பொட்டலத்துக்கு அடியில் கிடக்கிறது. வகுப்பில் எழுந்து நிற்கும் மாணவரை அவர் போக்கில் விடலாம். வருகைப் பதிவில் காலை முதல் மணியின் தாமதத்தை, காரணம் அறிந்தவர்களுக்காவது, பொறுத்துக்கொள்ளலாம். சேர்க்கைப் படிவத்தில் இரத்த வகை கேட்கும் இடத்துக்குக் கீழே, விரும்பினால் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். தெரிவித்ததை மற்றவர் அறியாமல் காப்பதும் நம் கடமையாகும்.

அந்த மாணவர் 2020இல் பட்டம் பெற்றார். இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழாசிரியர். நாள் முழுதும் நின்றும் நடந்தும் பாடம் நடத்தும் தொழில் தம் முதுகுக்கு மிக ஏற்றதென்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஊசி மருந்தின் விலைதான் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொண்டுபோகிறது என்றார். அன்று வகுப்பில் நாம் சொன்னதை அவர் மறந்துவிட்டதாகச் சொன்னார், நாம் நம்பவில்லை.

நம் துறையின் வகுப்பறைகள் இரண்டாம் மாடியில் உள்ளன. மின்தூக்கி இல்லை. இவ்வாண்டு முதலாண்டில் சேர்ந்திருக்கும் மாணவியருள் ஒருவருக்கு முழங்கால் மூட்டழற்சி என்று தெரிய வந்தது. ஒரு மாடிக்கு இருமுறை நின்று ஏறுகிறார். அவ்வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருமாறு நிர்வாகத்தாரிடம் விண்ணப்பித்திருக்கிறோம். வணிகவியல் துறையினர் தங்கள் அறையொன்றை மாற்றிக்கொள்ள மனமுவந்து இசைந்துள்ளனர். பரிசீலிப்பதாக நிர்வாகத்தாரும் கூறியுள்ளனர். அதுவரை அவருடைய பையை மட்டும் தோழியர் முறை வைத்து மேலே எடுத்துச் செல்கிறார்கள்.